பாட்டு இருக்க பேட்டி எதற்கு? ப்ளூகிராஸ், ஓல்ட்-டைம் இசைக்காரர்களின் பேச்சு

வாசகர் கேள்வி, மார்ச் 1, 2024

நீங்கள் ப்ளூகிராஸ் இசைக்காரர்களின் பழைய பேட்டிகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ப்ளூகிராஸ், ஓல்ட்-டைம் என்று இரண்டு பெயர் சொல்கிறீர்கள். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்: ஃபிடில், பேஞ்சோ, வேகம். அடுத்தது, வாசிக்கிறவர் பேசியதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? இசைத்தட்டு இருக்கிறது, அதைக் கேட்டால் போதாதா?

மார்ச் 2

இரண்டும் அமெரிக்காவின் தெற்கு மலைப்பக்கத்து நாட்டுப்புற இசைதான், ஆனால் ஒன்றல்ல. காதுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு நாற்காலி போட்டு வட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

ஓல்ட்-டைம் ஜாமில், அதாவது இசைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து கூடி வாசிக்கிற இடத்தில், எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். முதல் பாதி இரண்டு தடவை, மறு பாதி இரண்டு தடவை, அதுவே பத்துப் பதினைந்து சுற்று. தனியாக யாரும் முன்னால் வருவதில்லை. மெட்டைத் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கி நீட்டினால் அந்தச் சுற்றோடு எல்லோரும் நிறுத்த வேண்டும். ப்ளூகிராஸ் வேறு. ஒருவர் பாடுவார், நடுவில் தலையை அசைப்பார், தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பேஞ்சோவை வாசிப்பவர் ஒரு சுற்று தனியாக வாசிப்பார், பிறகு மாண்டலின், பிறகு ஃபிடில். அந்தத் தனிச்சுற்றுக்கு பிரேக் என்று பெயர். மற்றவர்கள் அடக்கி வாசித்து இடம் விடுவார்கள். முன்னது ஆட்டத்துக்கு வாசித்து வளர்ந்தது. பின்னது ரேடியோவிலும் மேடையிலும் வளர்ந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறுவயதில் ஏழு வருடம் கர்நாடக வயலின் கற்றவன் நான். வட கரோலைனாவுக்கு வந்த முதல் வருடம், ஊருக்கு வெளியே ஒரு ஓல்ட்-டைம் ஜாமுக்கு வயலினோடு போனேன். மெட்டு பிடிபட்டதும் நாலாவது சுற்றில் விரித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வட்டம் தளர்ந்துபோனது எனக்கே தெரிந்தது. முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “இது ஆடுகிறவர்களுக்கான மெட்டு. நீ இப்படிக் கிளம்பிப் போனால் அவர்கள் காலை எங்கே வைப்பார்கள்?”

அங்கே ஆடுகிறவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அவர் அவர்களுக்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த இசைத்தட்டுகள் எனக்குப் புரிந்தன.

மார்ச் 2, பின்னிரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ஓல்ட்-டைம் ஜாமில் ஒரு சுருதியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம், சில சமயம் ராத்திரி முழுக்க அதிலேயே இருப்பார்கள். சுருதி மாறினால் பேஞ்சோக்காரர்கள் தந்தி தந்தியாகத் திருப்ப வேண்டும். ஐந்தாவது தந்தி குட்டையானது, கழுத்தின் நடுவே ஓரிடத்திலிருந்துதான் தொடங்கும். அதன் சுருதியை ஏற்றி மாட்ட, பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற குட்டி ஆணிகளைக் கழுத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. பேஞ்சோக்காரர் பாதி ஆயுளைச் சுருதி சேர்ப்பதிலும் மீதி ஆயுளைச் சுருதி சேராமல் வாசிப்பதிலும் கழிக்கிறார் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அதை எனக்குச் சொன்னவர் ஒரு பேஞ்சோக்காரர், ஆணியில் தந்தியை மாட்டிக்கொண்டே.

மார்ச் 4

சரி, அச்சில் இருக்கிற பேச்சுக்கு வருகிறேன். ஏர்ல் ஸ்க்ரக்ஸ், 1924-ல் வட கரோலைனாவில் ஷெல்பி ஊருக்குப் பக்கத்தில் ஃப்ளின்ட் ஹில் என்ற இடத்தில் பிறந்தவர். மூன்று விரலால் பேஞ்சோவை உருட்டி வாசிக்கும் பாணியை இன்று அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த வட்டாரத்தில் ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் அவருக்கு முன்பே மூன்று விரலில் வாசித்ததுண்டு. ஸ்க்ரக்ஸ் அதை எங்கோ கொண்டுபோனார்.

அவர் பேட்டிகளில் சொன்ன ஒரு சங்கதி. அவரும் அண்ணன் ஹொரேஸும் சிறுவர்களாக இருந்தபோது வீட்டு வாசலில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று ஒரு மெட்டைத் தொடங்குவார்களாம். வாசித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கமாக வீட்டைச் சுற்றி நடப்பார்கள். நடுவில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது. கொல்லைப்புறத்தில் சந்திக்கும்போது தாளம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

ஸ்க்ரக்ஸ் வாசிப்பில் எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கதையைப் படித்த அன்று ராத்திரி திரும்பக் கேட்டேன். வேகம் பின்னால் போய்விட்டது. அவ்வளவு ஓட்டத்திலும் நடை கலையாத காலப்பிரமாணம் முன்னால் வந்து நின்றது. நானும் என் மகளும் எங்கள் குடியிருப்புக் கட்டடத்தைச் சுற்றி அதைச் செய்து பார்த்தோம், கைத்தாளம் போட்டுக்கொண்டு. மறுபுறம் சந்தித்தபோது ஒரு முழு அட்சரம் தள்ளிப்போயிருந்தது. ஐந்தாவது தடவைதான் ஒட்டியது.

மார்ச் 5

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்: அப்படியென்றால் ப்ளூகிராஸைத் தொடங்கியது ஸ்க்ரக்ஸா?

இல்லை. பில் மன்றோ. 1911-ல் கென்டக்கியின் ரோசின் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய குழுவின் பெயர் ப்ளூ கிராஸ் பாய்ஸ், கென்டக்கி மாநிலத்தின் செல்லப் பெயரிலிருந்து எடுத்தது. அந்தக் குழு 1939-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடைக்கு வந்தது. 1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தார். லெஸ்டர் ஃப்ளாட் கிதார், சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பாஸ். இந்த ஐவர் 1946 செப்டம்பரில் சிகாகோவில் பதிவு செய்தவற்றைக் கேட்டுத்தான் மற்றவர்கள் இந்தப் பாணியைப் படியெடுத்தார்கள். 1948-ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்துபோய்த் தனிக்குழு தொடங்கினார்கள். ஒரு பாணியின் பெயராக ப்ளூகிராஸ் என்று மக்கள் சொல்லத் தொடங்கியது 1950-களில்தான்.

பேட்டி விஷயத்தில் இதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். 1960-களின் தொடக்கத்தில் நகரத்து இளைஞர்கள் இந்த இசையைக் கண்டுபிடித்தபோது பத்திரிகைகள் ஸ்க்ரக்ஸைத்தான் கொண்டாடின. மன்றோ பேட்டி கொடுக்கிற ஆளே இல்லை. ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற இளம் மாண்டலின்காரர் அவரிடம் போய்க் கேட்டபோது, ப்ளூகிராஸைப் பற்றித் தெரிய வேண்டுமானால் லூயிஸ் ஸ்க்ரக்ஸிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டாராம். லூயிஸ், ஏர்லின் மனைவி, அவர்கள் குழுவின் மேலாளர். எவ்வளவு வலி அந்தப் பதிலில்! ரின்ஸ்லர் விடவில்லை. 1963-ல் மன்றோவோடு பேசி எழுதிய கட்டுரை வெளிவந்தது, அதன் பிறகுதான் இந்த இசைக்குத் தந்தை அவர் என்பது வெளியுலகில் நிலைத்தது. ரின்ஸ்லரே சில காலம் அவருக்கு மேலாளராகவும் இருந்தார்.

பாட்டைக் கேட்டால் போதும் என்றால் இந்த வழக்கு தீர்ந்திருக்காது. 1946 பதிவுகள் எல்லோர் கையிலும் இருந்தன.

மார்ச் 9

இசையைப் பற்றியும் கொஞ்சம் எழுதச் சொல்கிறார் ஒருவர். நியாயம்தான்.

ஃபிடிலும் வயலினும் ஒரே வாத்தியம். வழக்கமாகத் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஆனால் அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பழைய ஃபிடில்காரர்கள் ஏ சுருதி மெட்டுகளுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு படி ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைத்துக்கொள்வார்கள். பெரியவர் முதல் தடவை அப்படித் திருப்பியபோது நான் என் வயலினை எடுத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஸ, ப, ஸ, ப! எங்கள் ஆசிரியர் எனக்கு முதல் நாள் சேர்த்துக் கொடுத்த அதே சுருதி. உயரம்தான் வேறு, தந்திக்குத் தந்தி இடைவெளி அச்சு அசல் அதே.

காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். சுருதி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தந்தியில் மெட்டு போகும்போது பக்கத்துத் தந்தியையும் வில் தொட்டுக்கொண்டே போகும். பேஞ்சோவின் அந்தக் குட்டை ஐந்தாவது தந்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது, கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருக்கும். நம் தம்புராவும் இவர்கள் தந்தியும் எங்கோ சந்தித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பேஞ்சோ வந்த வழி வேறு, மேற்கு ஆப்பிரிக்கா. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்று பெரியவர் வாசித்த மெட்டு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை. “அப்பா மெட்டு” என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 15

நான் இருப்பது வட கரோலைனாவில் டர்ஹம் நகரத்துப் பக்கம். அதனால் இது எனக்கு உள்ளூர்க் கதை மாதிரி. ஆலன் ஜபூர் மேற்கத்தியச் செவ்வியல் வயலின் கற்றவர், இங்கே டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 1960-களின் நடுவில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமம் கிராமமாகப் போனார். 1966-ல் வர்ஜீனியாவின் கிளென் லின் ஊரில் ஹென்றி ரீடைச் சந்தித்தார். ரீட் 1884-ல் பிறந்தவர், அப்போது எண்பத்திரண்டு வயது. அவருடைய வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தவை 180-க்கும் மேல். இன்று அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம்.

அந்த மெட்டுகள் ஜபூரின் குழு வழியாக டர்ஹம் இளைஞர்களுக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் போய்விட்டன. சியாட்டில் ஜாமில் வாசிக்கிறவர்கூட ஒரு மலையோரக் கிழவரின் வரவேற்பறையிலிருந்து வந்ததைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார். ரீட் அவற்றில் சிலவற்றை குவின்ஸ் டில்லியன் என்ற இன்னொரு முதியவரிடம் கற்றவர். டில்லியன் போர்க்காலத்தில் படையில் குழல் ஊதியவர். ரீட் வாயைத் திறந்து சொன்னதால்தான் இந்தச் சங்கிலியே கிடைத்தது. மெட்டுக்குள் எங்கும் டில்லியன் பெயர் எழுதியிருக்கவில்லை.

இதே மாதிரி இன்னொரு வீடு டாமி ஜேரலுடையது, வட கரோலைனாவில் மவுன்ட் ஏரி பக்கம் டோஸ்ட் என்ற சின்ன ஊர், அவரும் ஃபிடில்காரர். சாலைத்துறையில் மண் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி 1966-ல் ஓய்வு பெற்றவர். அதன் பிறகு 1985-ல் இறக்கும்வரை நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்து அவர் வீட்டில் தங்கிக் கற்றார்கள். அவர் பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. வாசிப்பார், கதை சொல்வார், சாப்பாடு போடுவார், திரும்ப வாசிப்பார். குருகுலம் என்ற சொல் எனக்குத் தானாக வந்தது, ஆனால் கட்டணமும் இல்லை, பணிவிடையும் இல்லை, வயது வித்தியாசம்கூட அவர்களுக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 16

இரண்டு வாரமாகப் பேட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேன். நேற்றிரவு ஒன்று உறுத்தியது. கேட்கிறவர் என்ன கேட்க ஆசைப்படுகிறாரோ அதுதான் பதிவாகிறது.

டாக் வாட்சன், வட கரோலைனாவின் டீப் கேப் ஊர்க் கிதார்க்காரர், குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். 1960-ல் ரின்ஸ்லர் வேறொரு பழைய இசைக்காரரைப் பதிவு செய்ய வந்த இடத்தில் இவரைச் சந்தித்தார். அப்போது வாட்சன் ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ரின்ஸ்லருக்கு அது வேண்டாம், பழைய மரக் கிதார் வேண்டும். என்னிடம் இருப்பது இதுதான், பழகியதும் இதுதான் என்றார் வாட்சன். அடுத்த நாள் வண்டியில் போகும்போது ரின்ஸ்லர் பின்னால் உட்கார்ந்து பேஞ்சோ வாசிக்க, வாட்சன் இறங்கி வந்து அதை வாங்கி வாசித்துக் காட்டினார். அப்போதுதான் ரின்ஸ்லருக்கு இவர் யார் என்று உறைத்தது.

அங்கிருந்துதான் உலகம் அறிந்த டாக் வாட்சன் தொடங்குகிறார். எனக்கு அவர் இல்லாத இசையை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்த நடனக் குழு வருடங்களை அவரிடம் உட்கார்ந்து விசாரிக்க யாராவது ஓடி வந்திருப்பார்களா? பழமையைத் தேடி வந்தவர்களுக்குப் பழமைதான் கிடைக்கும். நான் 5-ஆம் தேதி எழுதியதில் ரின்ஸ்லரைத் தீர்ப்பு சொன்ன நீதிபதி மாதிரி வைத்துவிட்டேன். அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதை அழிக்கவில்லை, இதையும் சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 23

நேற்று ஒருவர் கேட்டது: இது வெள்ளையர் இசைதானே, இதில் நமக்கு என்ன?

பேஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். சுரைக்குடுக்கை உடல், தோல் மூடி, கட்டைவிரலுக்கு ஒரு குட்டைத் தந்தி. காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோன்டிங்கைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாம். பில் மன்றோ சிறுவனாக ஆட்டங்களுக்குச் சேர்ந்து வாசித்தது ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு. மன்றோ அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஷுல்ட்ஸ் 1931-ல் இறந்துபோனார், ஒரு பதிவுகூட இல்லை. இன்று அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்கள் பேசியதிலிருந்து வந்தது. முழுக்க முழுக்கப் பேச்சால் மட்டுமே உயிரோடு இருக்கிற ஒரு இசைக்காரர் அவர்.

டாக் பாக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் நார்ட்டன் ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1927-லும் 1929-லும் சில பாட்டுகள் பதிவு செய்தார், அப்புறம் பேஞ்சோவை விட்டேவிட்டார். 1963-ல் பழைய இசையைத் தேடித் திரிந்த இசைக்காரர் மைக் சீகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். சிறுவனாகக் கறுப்பினக் கலைஞர்களைப் பார்த்துப் பார்த்துத் தன் விரல் பாணி எப்படி வந்தது என்பதை பாக்ஸே நிதானமாக விவரிக்கிறார். சீகர் எடுத்த அந்தப் பேச்சை மட்டுமே தனி இசைத்தட்டாக ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. முதல் கேள்வி கேட்ட நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்: பேச்சே இசைத்தட்டு.

எனக்கு மிக நெருக்கமானது ஜோ தாம்சன் கதை. மெபேன் ஊர், என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 1918-ல் பிறந்தவர், மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை, ஃபிடில் குடும்பச் சொத்து. 2005-ல் பூன் ஊரில் கறுப்பின பேஞ்சோக்காரர்கள் கூடிய ஒரு சந்திப்பில் அறிமுகமான ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் வியாழக்கிழமை ராத்திரிகளில் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றார்கள். அங்கிருந்துதான் கரோலைனா சாக்லெட் டிராப்ஸ் குழு வந்தது. தாம்சன் 2012-ல் காலமானார். நான் இந்த ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறேன்.

மார்ச் 24

மேலே இருப்பதைத் திரும்பப் படித்தேன். லூயிஸைத் தவிரப் பெண் என்று ரியானன் கிடன்ஸ் ஒருவர்தான், அதுவும் ஒரு வரியில். சமந்தா பம்கார்னரும் ஈவா டேவிஸும் 1924-லேயே ஃபிடிலும் பேஞ்சோவும் பதிவு செய்திருக்கிறார்கள், ஸ்க்ரக்ஸ் பிறந்த அதே வருடம். ஹேசல் டிக்கன்ஸ் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பகுதியிலிருந்து பால்டிமோருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவரும் ஆலிஸ் ஜெரார்டும் சேர்ந்து 1965-ல் வெளியிட்ட இசைத்தட்டுதான் முன்னால் நின்று பாடும் ப்ளூகிராஸ் பெண்கள் பலருக்கு வாசல் திறந்தது. ஜெரார்ட் 1987-ல் ஓல்ட்-டைம் இசைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கேள்வி கேட்கிற இடத்திலும் அவர் இருந்தார் என்பது பெரிய விஷயம். பெயர்பெற்ற ப்ளூகிராஸ் ஜோடியான ஸ்டான்லி சகோதரர்களில் ரால்ஃபுக்கு பேஞ்சோ சொல்லிக்கொடுத்தது அம்மா.

ஏப்ரல் 6

முதல் கேள்வியை மறுபடி படித்தேன். ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்பதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெரியவரை நான் இரண்டு வருடம் பதிவு செய்தேன். ஞாயிறு மத்தியானம், அவர் சமையலறை, மேஜையில் என் சின்னக் கருவி. வாசிப்பார், நிறுத்துவார், பேசுவார். புகையிலை உலர்த்தும் கொட்டகையில் ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தூங்கிவிடாமல் இருக்க ஃபிடில் வாசிப்பார்கள் என்பார். எந்த மெட்டு எந்தக் கொட்டகை என்றுகூடச் சொல்வார். நான் வீட்டுக்கு வந்ததும் பேச்சையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மெட்டை மட்டும் சுத்தமாகச் சேமித்தேன். ஜாம் நண்பர்களுக்கு அனுப்ப வசதி என்று நினைத்தேன். அறுபத்திரண்டு மெட்டுகள். ஒவ்வொன்றும் முதல் வில்லில் தொடங்கி கடைசி வில்லில் முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். இறுதிச் சடங்கில் அவர் மகள் என்னிடம் வந்து, “அப்பா பேசுவது உங்களிடம் இருக்கும் இல்லையா?” என்று கேட்டார். அறுபத்திரண்டு மெட்டு இருக்கிறது என்றேன். அவர் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்புகளை நான் ஒரு வருடம் திறக்கவில்லை.

ஏப்ரல் 13

போன வாரம் எழுதியதைப் படித்த ஜாம் நண்பர் ஒருவர் பழைய தொலைபேசியைத் தேடிப் பாருங்கள் என்றார். கருவியின் மின்கலம் தீர்ந்த ஒரு ஞாயிறு தொலைபேசியில் பதிவு செய்ததை நானே மறந்திருந்தேன். கிடைத்தது, பதினோரு நிமிடம், வெட்டாதது. நாற்காலி இழுபடுகிறது, நாய் கதவைப் பிறாண்டுகிறது, தந்திகளை ஸ-ப-ஸ-ப-வுக்குத் திருப்புகிறார். திருப்பிக்கொண்டே பேசுகிறார்.

மார்ச் 9-ல் எழுதியது தவறு. அந்த மெட்டு அப்பாவுடையது இல்லை. அத்தையுடையது. கல்யாணத்துக்கு முன்பு அத்தைதான் வீட்டில் ஃபிடில் வாசிப்பாராம், கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. அப்பா அதைத் தங்கையிடம் கேட்டுக் கற்று மகனுக்குக் கொடுத்திருக்கிறார். அத்தை பெயரையும் சொல்கிறார், ஊரையும் சொல்கிறார்.

பதினோரு நிமிடத்தையும் மகளுக்கு அனுப்பிவிட்டேன். கோப்பின் பெயரை “அத்தை மெட்டு” என்று மாற்றினேன். செவ்வாய்க்கிழமை ஜாமில் அதைத் தொடங்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித் தொடங்கப்போகிறேன்.